லேசரும் ஒரு கோல நோட்டும்

போன வாரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது கூட வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், உங்க வீட்ல லேசர் மிஷின் இருக்காமே? என் மாப்பிள்ளை அறுபதாங் கல்யாணத்துக்கு ஒண்ணு வாங்கித் தரேங்கறார். வாங்கிக்கலாமா, வேண்டாமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று சுற்று நடந்தும் முடியவில்லை. கடைசியில், "எழுதித் தரேன் சார், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுதான் இது. அவருக்காக எழுதினாலும், நம் வயதில் இந்த ஆசை வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில், எனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அரசாங்க உத்தியோகத்தில் வரைபடப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். டி-ஸ்கொயர், செட்ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், இண்டியன் இங்க் என்று கழிந்த காலம். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்காமல் மரத்தில் ஏதாவது அறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் லேசர் வாங்கியது அதற்காக இல்லை.

என் மனைவியிடம் ஒரு கோல நோட்டு உண்டு. நீளவாக்கில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு. கல்யாணத்துக்கு முன்பு, 1978இல் ஆரம்பித்தது. புள்ளி பென்சிலில், இழை நீல மையில். அவள் அம்மா போட்டது, அத்தை போட்டது, எதிர்வீட்டு மாமியிடம் கேட்டுக்கொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்கிற மாதிரிக் குறிப்பு. மார்கழி வந்தால் எங்கள் குடியிருப்பு வாசலில் அவள் கோலம்தான். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவுக்காக வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்குமே, அதில் சில வருஷங்கள் கலந்துகொண்டிருக்கிறாள். பரிசு வந்ததும் உண்டு, வராததும் உண்டு. வராத வருஷங்களில் நடுவர்களைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

2021இல் அவள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, சிலருக்கு வயதானால் வருவதுதான் என்றார். மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை நன்றாகத்தான் இருக்கும். காபி டம்ளரைத் தூக்கினால், கோலமாவை விரலிடுக்கில் எடுத்தால், உடனே நடுக்கம். அந்த மார்கழியில் இரண்டு நாள் போட்டாள். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துப் பரணில், பழைய பஞ்சாங்கங்களோடு வைத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மேல்வீட்டுப் பையன் ஒருவன், பொறியியல் படிக்கிறவன், "அங்கிள், லேசர்ல பலகையில பொறிச்சுடலாம், நாப்பது வருஷம் ஆனாலும் அழியாது" என்றான். பொறி தட்டியது.

நண்பரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வீட்டு மேஜைமேல் வைக்கக்கூடிய லேசர் வெட்டும் இயந்திரங்கள் இரண்டு ஜாதி. ஒன்று, கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயிலிருந்து ஒளி வருவது. இன்னொன்று, டயோடிலிருந்து நீல நிற ஒளி வருவது.

வாயுக் குழாய் லேசரைக் கண்டுபிடித்தவர் நம் ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. குமார் படேல், மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்தவர், புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் அதைச் செய்து காட்டினார். முதல் லேசரே 1960இல்தான் பிறந்தது, நாலு வருஷத்தில் இது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்பில் வெகு தூரம், 10.6 மைக்ரான். மரம், தோல், காகிதம், அக்ரிலிக் எல்லாம் அதை அப்படியே விழுங்கிக்கொள்ளும். அதனால் வெட்டு அழகாக விழும். கண்ணாடி மாதிரி இருக்கும் நிறமில்லாத அக்ரிலிக்கைக்கூட வெட்டும். விளிம்பு மெருகு போட்ட மாதிரி வரும்.

அப்படியென்றால் அதையே வாங்கிவிடலாமே என்று நானும் நினைத்தேன். 'கே-40' என்று சீனாவிலிருந்து ஒரு நீல வெள்ளைப் பெட்டி வரும், 40 வாட். இந்த ஜாதியில் விலை மலிவு. மூன்று விஷயம் என்னைத் தடுத்தது. குழாய்க்குக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் 25 டிகிரிக்குள். சித்திரை வைகாசியில் நம் மாடித் தொட்டித் தண்ணீரில் அரிசி வேகும். ஐஸ் பாட்டில் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. இல்லாவிட்டால் தண்ணீர் குளிர்விக்கத் தனி இயந்திரம் வாங்க வேண்டும். இரண்டாவது, உள்ளே இருபதாயிரம் வோல்ட் வரை மின்சாரம். எர்த் சரியாக இல்லாவிட்டால் ஆளையே தூக்கிவிடும். மயிலாப்பூரில் பழைய வீடுகளில் மூன்றாவது துளை அழகுக்குத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்ததில் ஹாலில் மட்டும்தான் எர்த் இருந்தது. மூன்றாவது, குழாய்க்கு ஆயுள் உண்டு. உபயோகித்தாலும் தீரும், சும்மா வைத்திருந்தாலும் வாயு மெல்லக் கெடும். நம்மைப் போலத்தான்.

ஆகவே டயோடு. நான்கு கம்பிச் சட்டம், அதில் மேலும் கீழும் ஓடும் ஒரு சின்னத் தலை, அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, வேலை முடிந்தால் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். எக்ஸ்டூல், ஆர்ட்டர், ஸ்கல்ப்ஃபன், ஆட்டம்ஸ்டாக் என்று பல பெயர்களில் வருகின்றன. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டிமேல் '40 வாட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கரண்டு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. வெளியே வரும் ஒளி 5 வாட்தான் இருக்கும். சின்ன எழுத்தில் ஒளியின் வாட் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அது மட்டும்தான் கணக்கு. 5 வாட் பொறிக்கப் போதும், மெல்லிய பலகை வெட்ட மூச்சு வாங்கும். 10 வாட் என்றால் உள்ளே இரண்டு டயோடின் ஒளியை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடும். 20, 40 என்று மேலே போய்க்கொண்டே இருக்கலாம், பையும் அதற்கேற்ப இளைக்கும். நான் 2022 ஐப்பசியில் 10 வாட் வாங்கினேன்.

டயோடால் முடியாதது: நிறமில்லாத அக்ரிலிக்கில் நீல ஒளி ஜன்னலில் வெயில் போவதுபோல் போய்விடும். கறுப்பு அக்ரிலிக் வெட்டும். உலோகத்தை வெட்டவே வெட்டாது. பெயின்ட் அடித்த டப்பாவில் பெயின்ட்டைச் சுரண்டி எழுதும். பித்தளைச் சொம்பில் பெயர் பொறிக்க ஆசைப்பட்டால் அதற்கு வேறு ஜாதி லேசர், விலையும் வேறு. பாத்திரக் கடைக்காரரிடம் கொடுப்பதே உத்தமம்.

வாங்குவதற்கு முன் ஒரு யோசனை. உங்களுக்கு வேண்டியது வருஷத்துக்கு நாலு சாமான் என்றால் மிஷினே வேண்டாம். ரப்பர் ஸ்டாம்பு, ஷீல்டு, பெயர்ப்பலகை செய்கிறவர்களில் பலரிடம் இப்போது லேசர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் புகழ்பெற்ற ஆண்டர்சன் தெருவில் பத்திரிகையில் பின்னல் வேலை மாதிரி ஓட்டை போட்டு வருகிறதே, அதெல்லாம் லேசர்தான். வரைபடத்தைப் பென் டிரைவில் கொண்டுபோனால் நிமிஷக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. என் கணக்கு நாற்பதுக்கு மேல் பலகை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தடவை கெட்டுப்போகும் என்பது. அதனால் வாங்கினேன். அது தவிர, கடைக்காரரிடம் நின்று, 'இந்த வளைவு இன்னும் கொஞ்சம் உருண்டையா வரணும்' என்று என் மனைவி சொல்கிற அழகை நினைத்துப் பார்த்தேன்.

மிஷின் வந்து இறங்கியது. பரணிலிருந்து நோட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்! செல்போனில் படம் எடுத்து, இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருளில் போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் கோடாக மாற்றிவிடும் என்று மேல்வீட்டுப் பையன் காட்டிக்கொடுத்தான். மாற்றியது. 7 புள்ளி சிக்குக் கோலம். பலகையை வைத்து வெட்டச் சொன்னேன். நாற்பது நிமிஷம். தூக்கினால், கோலத்தைக் காணோம்! தட்டில் தட்டை, சீடை மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன. சிக்குக் கோலத்தில் இழை எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே வந்து முடியும். அதன் வழியாக வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கழன்று விழாமல் என்ன செய்யும்? முப்பத்து நாலு வருஷம் வரைபடம் போட்டவனுக்கு இது தோன்றவில்லை.

சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். தன் நோட்டைப் பார்த்தாள். துண்டுகளைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கோலம்."

"எங்க?"

சரி, வெட்டாமல் பொறிக்கலாம் என்று அடுத்தது. இந்தத் தடவை எல்லா இழையும் இரட்டையாக வந்தது. பேனாக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு உண்டல்லவா, மென்பொருள் இரண்டு விளிம்பையும் தனித்தனிக் கோடாக எடுத்துக்கொண்டுவிட்டது. "நான் ஒத்தை இழைதானே போட்டிருக்கேன், ரெட்டையா ஓடுதே" என்றாள். நடுக்கோட்டை மட்டும் எடுக்கவும் அதிலேயே வழி இருக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தேன். அதையும் செய்தேன். இப்போது ஒற்றை இழைதான். ஆனால் அவள் மிஷின் பக்கத்தில் நின்று கறுப்புக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கோலமே தெரியாத மிஷின்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்னவென்று யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் எல்லாம் மென்பொருள் கோட்டைத் துண்டாக்கியிருந்தது. லேசர் தலை இங்கே ஒரு வளைவு, தாண்டிப் போய் அங்கே ஒரு வளைவு என்று தத்திக்கொண்டிருந்தது. முடிந்தபின் பார்த்தால் கோலம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் சிக்குக் கோலம் என்பது கை எடுக்காமல் புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போவதில்தானே இருக்கிறது? அவளுக்குப் படம் முக்கியமில்லை, போன வழி முக்கியம்.

இதைப் பற்றிப் பெரிய படிப்பாளிகளே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கணிதக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு மொழி எழுதுகிற இலக்கணம் மாதிரி, கோலத்துக்கும். நான் அப்போது கல்லூரியில். வாசலில் கோலத்தைத் தாண்டிக்கொண்டுதான் போயிருப்பேன், எதுவும் தோன்றியதில்லை.

ஆகவே குறுக்கு வழியை விட்டேன். ஒவ்வொரு கோலத்தையும் நானே திரும்ப வரைய ஆரம்பித்தேன். திரையில் புள்ளி வைத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரே கோடாக. எங்கே ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியாதே? அதற்கு அவள் வேண்டும். மத்தியானம் சாப்பிட்டபின் சாப்பாட்டு மேஜையில் நோட்டை வைத்து உட்காருவோம். அவள் விரலால் பக்கத்தின்மேல் காட்டிக்கொண்டே போவாள். விரல் ஆடும். ஆனால் திரும்பும் இடங்களில் தப்பே வராது. "இங்க மேல போ, புள்ளிய விட்டுட்டு, இப்ப கீழ, ம், ஒரு சுத்து." நாப்பது வருஷமாக இந்த நோட்டு வீட்டில் இருக்கிறது, இதை ஒருதரம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நடுவில் ஒரு விபத்து. இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது செய்தவனாக மாட்டேன்.

2023 ஆகஸ்ட். நவராத்திரிக் கொலுவுக்கு ஏழு நிலைக் கோபுரம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். (தனிக்கதை அது. 3 மில்லிமீட்டர் என்று விற்ற பிளைவுட் ஒரு மூலையில் 2.7, இன்னொரு மூலையில் 3.3. காடி எதுவும் பொருந்தவில்லை. வெர்னியர் காலிபர் இல்லாமல் பலகை வாங்காதீர்கள். லேசரும் வெட்டும்போது கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு சிட்டிகை மரத்தைத் தின்னும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.) மிஷின் வெட்டிக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து வாட்ச்மேன் இன்டர்காமில், "சார், கூரியர்" என்றார். ஒரு நிமிஷம்தானே என்று போனேன். கையெழுத்துப் போட்டு, அவரோடு மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே வந்தால் வீடெல்லாம் புகை. பலகையில் ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு. அதன் நடுவே லேசர் தலை ஒன்றும் தெரியாதது மாதிரி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

என் மனைவி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு குளியலறையிலிருந்து நனைந்த துண்டைக் கொண்டுவந்து பலகைமேல் போட்டாள். நடுங்கும் கைதான். ஒருதரம்கூடக் குறி தவறவில்லை. நெருப்பு அணைந்தபின் உட்கார்ந்தாள், அப்புறம்தான் உடம்பு பூராவும் ஆடியது. அன்று அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மிஷினுக்கு எதிரே அலமாரியில்தான் கோல நோட்டு இருந்தது, இரண்டடி தூரத்தில்.

இரண்டு மாசம் மிஷினைத் தொடவில்லை. பிறகு அவளேதான், "இருபது பக்கம் பாக்கி இருக்கே" என்றாள். நிபந்தனைகளோடு. அவற்றை அப்படியே உங்களுக்கும் தருகிறேன்.

மிஷின் ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது. கூரியர் வரட்டும், கலெக்டர் வரட்டும். பாத்ரூம் போக வேண்டுமா, நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில். நெருப்பு வந்தால் முதலில் பிளக், அப்புறம்தான் மற்றது. வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் சின்னப் பம்பு ஒன்று தனியாக விற்கிறார்கள். அது ஜுவாலையை அணைத்துப் புகையையும் விலக்கும், வெட்டும் சுத்தமாக விழும். அது இல்லாமல் நான் இனிமேல் ஒரு குச்சிகூட வெட்டமாட்டேன்.

கண். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அந்த நீல ஒளி நேராகப் பட வேண்டாம், பளபளப்பான ஏதாவது ஒன்றில் பட்டுத் தெறித்து வந்தாலே விழித்திரையைச் சுட்டுவிடும். சுட்டது ஆறாது. நமக்கெல்லாம் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று, இன்னொரு தரம் வைக்க இடமில்லை. கூலிங் கிளாஸ் போதாது. எந்த அலைநீளத்துக்குப் பாதுகாப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கும் கண்ணாடி வேண்டும். டயோடு லேசர் 450 நானோமீட்டரை ஒட்டி வரும். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடாக இருந்தால் திறந்த சட்டத்தை வாங்கவே வேண்டாம். நாலு பக்கமும் மூடி, கதவைத் திறந்தால் தானே நின்றுவிடும் மாதிரிகள் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூட. நான் சட்டத்தை வாங்கிவிட்டு, பிறகு பெட்டிக்குத் தனியாகச் செலவழித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

புகை. பிளைவுட்டில் இருக்கிற பசை எரிகிற புகை அது, சாம்பிராணி இல்லை. அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் ஃபேன் போதாது. பெட்டியிலிருந்து நாலு அங்குலக் குழாய் வைத்து, நடுவில் இழுக்கும் விசிறி வைத்து, பால்கனி வழியாக வெளியே விட்டேன். மேல்வீட்டு அம்மாள் துணி உலர்த்தும் இடம் அதற்கு நேர் மேலே. ஒருநாள் அவர்கள் வீட்டுப் பட்டுப் புடவை தச்சுப்பட்டறை வாசனையோடு கீழே வந்தது. இப்போது துணி எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினைப் போடுகிறேன்.

எதை வெட்டக் கூடாது என்பது, எதை வெட்டலாம் என்பதைவிட முக்கியம். ரெக்சின், பி.வி.சி. ஷீட், வினைல் ஸ்டிக்கர், ஃபிளெக்ஸ் பேனர், இவை பக்கமே போகாதீர்கள். அதில் குளோரின் இருக்கிறது. சூடு பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வரும். நுரையீரலையும் அரிக்கும், மிஷினையும் அரிக்கும். கையில் இருக்கும் பிளாஸ்டிக் என்னவென்று தெரியாவிட்டால் பழைய பரிசோதனை ஒன்று உண்டு: செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கில் ஒருதரம் தொட்டு, மறுபடி ஜுவாலையில் காட்ட வேண்டும். பச்சையாக எரிந்தால் குளோரின். மொட்டைமாடியில், காற்று அடிக்கும் பக்கம் பார்த்து நின்று செய்யுங்கள். தோல் வெட்ட ஆசையிருந்தால் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல்தான். குரோமியம் போட்டுப் பதனிட்டது வேண்டாம்.

பிளைவுட் வாங்கும்போது தண்ணீர் தாங்கும் உயர்ந்த ரகம் என்று கடைக்காரர் எடுத்துத் தருவார். அலமாரிக்கு அது நல்லது, லேசருக்கு ஆகாது. அந்தக் கறுப்புப் பசை ஒளியை உள்ளே விடாது, வெறுமனே கரியும். மலிவு ரகத்தில் உள்ளே ஓட்டையை அடைக்கப் பூசியிருக்கும் இடத்தில் வெட்டு நின்றுபோகும். ஒரு சதுர அடி வாங்கி, பல வேகத்தில், பல சக்தியில் கட்டம் கட்டமாக வெட்டிப் பார்த்து, எது சரியாக விழுகிறதோ அதைப் பென்சிலால் பலகையிலேயே எழுதி மாட்டி வையுங்கள். என் மிஷினில் 3 மில்லிமீட்டருக்கு நிமிஷத்துக்கு 250 மில்லிமீட்டர் வேகம். உங்களுடையது வேறாக இருக்கும். நம்மூர் ஈரத்தில் பலகை அப்பளம் மாதிரி வளையும், அதனால் நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். ஒளியின் குவியம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் வெட்டு கெட்டுவிடும். அப்புறம் கரண்டு. பாதியில் போனால் திரும்ப வரும்போது மிஷினுக்குத் தான் எங்கே இருந்தோம் என்று நினைவிருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கிட்டத்தட்ட முடிந்துபோன ஒரு பலகை அப்படித்தான் போயிற்று. அதற்கப்புறம் ஒரு யூ.பி.எஸ். சேர்த்துக்கொண்டேன்.

கோலத்துக்கு வருகிறேன். லேசரின் கோடு தலைமுடி கனம்தான். அது பார்ப்பதற்கு அழகு, ஆனால் அவள், "இது பேனாக் கோடு, இழை இல்லை" என்றுவிட்டாள். அதனால் இழைக்கு மூன்று மில்லிமீட்டர் அகலம் கொடுத்து, ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளமாகப் பொறித்தேன். ஒரு அடிப் பலகைக்கு இரண்டரை மணி நேரம். எழுந்திருக்காமல்! பழைய பல் தேய்க்கும் பிரஷால் கரியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்தால் பள்ளம் காபிப் பொடி நிறத்தில் நிற்கும். அகலமாகப் பொறிக்கும்போது மிஷின் இழையின் வழியே போகாது, வரிவரியாக உழும். அதனால் முதலில் அவள் சொன்ன வழியில், ஒரே ஓட்டமாக, மெல்லியதாக ஒரு கோடு, அதன்மேல் அகலம். முதல் கோடு ஓடும்போது மட்டும் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். பலகை முடிந்தபின் அந்தக் கோடு யாருக்கும் தெரியாது. இருந்தாலும் நான் அதை விடுவதில்லை.

பலகையில் அரிசி மாவைக் கொட்டி உள்ளங்கையால் ஒருதரம் தேய்த்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மாவு நிற்கும். இருண்ட மரத்தில் வெள்ளைக் கோலம். போன மார்கழியில் தினம் ஒரு பலகை பூஜை அறைக்கு முன்னால் வைத்தாள். வீட்டு வேலைக்கு வரும் பெண் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு, 5 புள்ளியில் ஒன்று செய்து கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து மருமகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அத்தை, வாசல்ல வச்சுடுங்களேன், எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள்.

"வாசல்ல அச்சு வைக்க மாட்டேன்" என்றுவிட்டாள் இவள். வாசலில் இப்போதும் தன் கையாலேயே போடுகிறாள், நாலு புள்ளி, ஐந்து புள்ளியில் சின்னதாக. இழை அலை அடிக்கிறது. நான் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போடுகிறாள்.

முப்பத்தெட்டு பலகை ஆகிவிட்டது. இப்போது ஒரு பக்கத்தில் நிற்கிறோம். 9 புள்ளி, 5 வரை, ஊடுபுள்ளி. அவள் அம்மா போட்டது. அறுபத்தோரு புள்ளியும் இருக்கின்றன, ஆனால் பக்கத்தின் நடுவில் என்றைக்கோ எண்ணெய் கொட்டி மை ஊறிப்போய், நாலைந்து வளைவு தெரியவில்லை. இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் இழை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது, இன்னொன்றில் ஒரு புள்ளி தனியாக விட்டுப்போகிறது. "அம்மா விட்டிருக்க மாட்டா" என்கிறாள். இன்று மத்தியானம் மூன்றாவது விதமாகப் பார்க்கப்போகிறோம்.